தாலூத்துக்கு அருளப்பட்ட இரண்டு விசாலங்கள்





ஸூரத்துல் பகராவை ஓதி வருகிறவர்கள் 246, 247ஆவது ஆயத்துக்களில் ஒரு வரலாற்றைக் காண்பார்கள். மூஸா (அலை) அவர்களுக்குப் பின் வந்த பனூ இஸ்ராயீல் தலைவர்கள் தங்கள் நபியிடம் சென்று, தங்களுக்கு ஓர் அரசரை நியமித்துத் தருமாறும், அவர் பின்னே நின்று போர் செய்யத் தயாராக இருப்பதாகவும் கூறினார்கள். அல்லாஹ் தாலூத்தை அரசராக்கினான். கேட்டவர்களுக்கோ அது பிடிக்கவில்லை. அவர்கள் எழுப்பிய ஆட்சேபம் என்ன தெரியுமா? அந்த மனிதரிடம் போதிய செல்வம் இல்லை என்பதே! அதற்கு அந்த நபி அளித்த மறுமொழியின் கருத்து யாதெனில், அல்லாஹ் அவரையே தேர்ந்துகொண்டான், அறிவிலும் உடலிலும் அவருக்கு விசாலத்தை அதிகமாக வழங்கியிருக்கிறான் என்பதாகும்.

வியாபாரிகளாகிய நாம் இந்த இடத்தில் சற்று நின்று போக வேண்டும். ஒருவனை மதிப்பதற்கு முதலில் அவனுடைய கல்லாப் பெட்டியைப் பார்க்கும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. அது பனூ இஸ்ராயீல் காலத்துப் பழைய வியாதி. மக்கள் பணம் என்ற ஒன்றைக் கேட்டார்கள். இறைவனோ இரண்டைக் காட்டினான். அறிவை மட்டும் கூறி நிறுத்தவில்லை. உடலை மட்டும் கூறி நிறுத்தவுமில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில், அறிவை முன்னும் உடலைப் பின்னுமாக வைத்துக் கூறியிருக்கிறான். அந்த வரிசைக்கும் பொருள் உண்டு. அதற்குப் பின்னால் வருவோம்.

இதை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. செரண்டாவிலும், அதற்குத் தெற்கே ராவாங்கிலும், வடக்கே பத்தாங்காலி, ரஸா, கோலகுபு பாரு வரையிலும், மேற்கே புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர்ப் பக்கங்களிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் இருவர் சந்தித்தால், சரக்கு விலை பேசி முடிந்ததும் பிள்ளைகளின் பேச்சு வந்துவிடுகிறது. ஒருவர், “பையன் எந்நேரமும் பந்தும் திடலுமாகத் திரிகிறான், புத்தகத்தைத் தொடுவதில்லை” என்கிறார். மற்றவர், “நம்ம பையன் நல்லாப் படிக்கிறான் பாய், டியூசனுக்குப் போகிறான், கடைக்கும் வருகிறான், ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பதின்மூன்று வயதில் மூக்குக் கண்ணாடி, தொந்தி” என்கிறார். முன்னவர் திடலைக் குறை கூறுகிறார். பின்னவர் எதையும் குறை கூறவில்லை. உள்ளூரப் பெருமைதான் படுகிறார். இந்த இருவரில் பின்னவருடைய பிள்ளையைப் பற்றித்தான் நமக்கு அதிகக் கவலை. ஏனெனில் திடலில் திரியும் பையனைக் கண்டிக்க நூறு பேர் இருக்கிறார்கள். நாற்காலியிலேயே வளரும் பையனைக் கண்டிக்க ஒருவரும் இல்லை.

நம்முடைய முன்னோர் இந்தக் கேள்வியை எப்படிப் பார்த்தார்கள்? ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டு, உஹதுக்குப் படை புறப்பட்ட நாளை நினைத்துப் பாருங்கள். மதீனாவின் சிறுவர்கள் பலர் தாமும் வருவோம் என்று படையோடு வந்து நின்றார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைப் பார்வையிட்டு, இளையவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ராபிஉ இப்னு கதீஜ் என்ற பையனையும் திருப்பி அனுப்ப இருந்தபோது, அவர் நல்ல வில்லாளி என்று சிலர் எடுத்துச் சொன்னார்கள். அவருக்கு அனுமதி கிடைத்தது. அதைக் கண்ட ஸமுரா இப்னு ஜுன்துப் என்ற மற்றொரு பையனைப் பற்றி, இவர் ராபிஉவையே மல்யுத்தத்தில் வீழ்த்தக் கூடியவர் என்று சொல்லப்பட்டது. இருவரும் மோதினார்கள்; ஸமுரா வென்றார்; அவருக்கும் இடம் கிடைத்தது. இப்படித்தான் சீரா ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஸைத் இப்னு தாபித் என்ற சிறுவரும் ஒருவர். எவ்வளவு மனம் வருந்தியிருப்பார்! ஆனால் அந்தச் சிறுவரைத்தான் நபி (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அரை மாதம் ஆகுமுன் அதில் தேர்ந்து, கடிதங்களை எழுதவும் வாசித்துக் காட்டவும் தொடங்கிவிட்டதாக அவரே அறிவிக்கிறார். வஹீ எழுதுவோரில் ஒருவரானார். யமாமாப் போருக்குப் பின் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் குர்ஆனைத் திரட்டும் பெரும் பொறுப்பை ஒப்படைத்தது இந்த ஸைதிடம்தான். வாரிசுரிமைச் சட்டத்தில் ஸஹாபாக்களுக்குள்ளே மிகத் தேர்ந்தவர் என்ற பெயரும் அவருக்கே. இன்று நம் கடைகளில் ஒரு தகப்பனார் காலமாகி, அண்ணன் தம்பிகள் பங்கு பிரிக்கும்போது கணக்குப் பார்க்கப்படுகிறதே, அந்தக் கணக்கின் ஆரம்ப ஆசிரியர்களில் ஒருவர் படையில் சேர்க்கப்படாமல் வீடு திரும்பிய இந்தச் சிறுவர்.

இதைக் கேட்டவுடன் சிலர், “பார்த்தீர்களா, உடல் பலம் உள்ளவன் சண்டைக்கு, அறிவுள்ளவன் ஏட்டுக்கு” என்று இரண்டு பெட்டிகளாகப் பிரித்துவிடுவார்கள். நம் பள்ளிக்கூடங்களிலும் இந்தப் பிரிவினைதான் நடக்கிறது. வகுப்பில் முதல் பத்து இடத்தில் இருப்பவனை ஓடச் சொல்வதில்லை. ஓடத் தெரிந்தவனைப் படிக்கச் சொல்வதில்லை. ஆனால் அந்த மூன்று சிறுவர்களின் மீதிக் கதையைக் கேளுங்கள். ஏட்டுப் பிள்ளை என்று நாம் நினைக்கும் ஸைத் (ரலி), பதினைந்து வயதானதும் அகழ்ப் போரில் அனுமதி பெற்று மண் சுமந்தார். வில்லாளியான ராபிஉ (ரலி) அவர்களோ, நிலத்தை வாரத்துக்கும் குத்தகைக்கும் விடுவது பற்றிய முக்கியமான ஹதீதுகளை அறிவித்தவர்; பிற்காலத்துச் சட்ட அறிஞர்கள் நிலக் குத்தகையைப் பற்றி ஆராயும்போது அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. மல்யுத்தம் செய்த ஸமுரா (ரலி), தாம் சிறுவராக இருந்தபோது நபியவர்களிடம் கேட்டவற்றை மனனம் செய்து வைத்திருந்ததாகக் கூறியவர். அவர் வழியாக வந்த ஹதீதுகள் பல. வில் பிடித்த கை சட்டத்தைப் பாதுகாத்தது. எழுதுகோல் பிடித்த கை மண் வெட்டியது. வாசலில் ஒருவர் முதலில் எந்தக் கதவால் நுழைந்தார் என்பதில்தான் அவர்களுக்குள் வித்தியாசம். உள்ளே போனபின் இரண்டு அறைகளும் எல்லாருக்கும் திறந்திருந்தன.

நம்மில் அநேகர் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், ஏழு வயதில் குர்ஆனை மனனம் செய்து முடித்தவர்கள் என்பது யாவரும் அறிந்ததே. இளமையில் தமக்கு இரண்டில் மட்டுமே மோகம் இருந்ததாக அவர்கள் கூறியிருக்கிறார்கள். ஒன்று கல்வி, மற்றது அம்பெய்தல். பத்து அம்பு எய்தால் பத்தும் குறியில் படும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தார்களாம். “படிக்கிற பையனுக்கு விளையாட்டு எதற்கு?” என்று ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த ஒரு தகப்பனார் கேட்பது எப்படிப் பொருந்தும்?

சரி, பழங்காலத்தை விட்டு நம் நாட்டுக்கு வருவோம். மலேசியத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளிலேயே இதற்கு ஓர் அத்தாட்சி இருக்கிறது. டாக்டர் எம். ஜெகதீசன் அவர்கள் 1943இல் பிறந்தவர். 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது பதினாறு. பிறகு 1964இல் டோக்கியோ, 1968இல் மெக்சிகோ என்று மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் மலாயாவுக்காகவும் மலேசியாவுக்காகவும் ஓடினார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் சேர்ந்து ஓடும் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வாங்கினார். மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை, அதாவது நாற்பத்தொன்பது ஆண்டுகள், உடையாமல் நின்றது.

இவ்வளவும் செய்த அந்த வாலிபர் அதே ஆண்டுகளில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் வைத்தியக் கல்வி பயின்றுகொண்டிருந்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். பறக்கும் டாக்டர் என்று பத்திரிகைகள் அவரை அழைத்தன. கால்கள் ஓய்ந்தபின் அவர் என்ன ஆனார்? கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராகவும், சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநராகவும் பணிபுரிந்தார். ஓடிய காலம் பத்து ஆண்டுகளுக்கும் குறைவு. வைத்தியராக வாழ்ந்த காலம் அதைப்போலப் பல மடங்கு. இறைவன் அறிவை முன்னும் உடலைப் பின்னும் வைத்ததன் பொருளை இங்கே தெளிவாகக் காண்கிறோம். உடலின் விசாலம் இளமையில் வந்து சீக்கிரம் போவது. அறிவின் விசாலம் மெதுவாக வந்து கடைசி வரை நிற்பது. எனவே முந்தியதை அதற்குரிய வயதில் கொடுக்காவிட்டால் பின்னர் கொடுக்க முடியாது. பிந்தியதை இளமையில் விதைக்காவிட்டால் நாற்பது வயதில் அறுக்க ஒன்றும் இராது.

மறுபுறத்துக்கும் ஓர் உதாரணம் சொல்லலாம். நம் முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் இங்கிலாந்தில் மாணவராக இருந்த காலத்தில் விளையாட்டிலும் மோட்டார் காரிலும் மிகப் பிரியமுள்ளவராக இருந்தார் என்பது ஒளிவுமறைவான செய்தியன்று. வக்கீல் பரீட்சையில் அவர் இறுதியாகத் தேறியது 1949இல். அப்போது நாற்பத்தைந்து வயதைக் கடந்திருந்தார். அந்த வயதிலும் விடாமல் போய்ப் படித்துத் தேறினாரே, அது பெரிய காரியம். பின்னர் அவர் நாட்டுக்குச் செய்ததும், கால்பந்துக்குச் செய்ததும் (மெர்டேக்கா கிண்ணப் போட்டி 1957இல் தோன்றியது அவராலேயே) எல்லாருக்கும் தெரியும். ஆயினும் இந்தக் கதையைத் தன் மகனுக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொள்ள நினைக்கும் சகோதரர் ஒன்றை மறக்கக் கூடாது. துங்கு அவர்களின் தகப்பனார் கெடா நாட்டு சுல்தான். இருபது ஆண்டு தாமதத்தைத் தாங்கும் கைமுதல் அந்த வீட்டில் இருந்தது. நம் வீட்டில் இருக்கிறதா?

இனி நம் பிள்ளையின் ஒரு நாளைப் பேரேட்டில் எழுதிப் பார்ப்போம். வரவு இருபத்து நான்கு மணி நேரம். காலையில் அரசாங்கப் பள்ளி. பிற்பகலில் மாநிலத்தின் சமயப் பள்ளி. மாற்று மதத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத இந்த இரண்டாவது பள்ளி நம் பிள்ளைகளுக்கு உண்டு. அது வேண்டியதே, அதைக் குறைக்க நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். பிறகு டியூசன். பிறகு, கடையில் ஆள் குறைவு என்றால், கல்லாவில் ஒரு மணி நேரம். இத்தனை செலவும் எழுதியபின் கையிருப்பு ஒன்றுமில்லை. ஆகவே எதை வெட்டுவது என்ற கேள்வி வரும்போது ஒவ்வொரு வீட்டிலும் முதலில் வெட்டப்படுவது திடல். காரணம், திடலுக்கு ரசீது கிடையாது. டியூசனுக்குப் பணம் கட்டியிருக்கிறோம்!

பரீட்சைகளைப் பற்றிய பழைய பயமும் இதற்கு உதவி செய்கிறது. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021இலும், மூன்றாம் படிவத்து பி.டி.3 பரீட்சை 2022இலும் எடுக்கப்பட்டுவிட்டன. பரீட்சை போனது, பயம் போகவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆள் எடுக்கும்போது நூறு புள்ளியில் தொண்ணூறு படிப்புக்கும் பத்து விளையாட்டு, சங்கம் முதலிய புறப்பாட நடவடிக்கைகளுக்கும் என்று கணக்கிடும் முறை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அதை அறிந்த சில பெற்றோர் அந்தப் பத்துப் புள்ளிக்காக மட்டும் பிள்ளையை ஏதோ ஒரு விளையாட்டில் பெயர் எழுதச் செய்கிறார்கள். பெயர் இருக்கும், பிள்ளை திடலில் இராது. 2011இல் கல்வி அமைச்சு ஒவ்வொரு மாணவரும் ஒரு விளையாட்டிலாவது சேர வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டுவந்ததன் நோக்கம் இதுவல்லவே. நிறுவையில் குறைத்துச் சரக்குக் கொடுப்பது எவ்வளவு பாவம் என்று நமக்குத் தெரியும். வருகைப் பதிவில் மட்டும் விளையாடுவதும் ஒருவகைக் குறை நிறுவைதான்.

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைக்குச் சராசரியாகத் தினம் அறுபது நிமிஷமாவது மூச்சு வாங்கும்படியான உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறுகிறது. அறுபதே நிமிஷம். அதை எங்கே வைப்பது? நமக்கு இதில் கஷ்டமே இல்லை, சகோதரர்களே. ஐந்து வேளைத் தொழுகை நேரத்தை நமக்குக் கடிகாரமாகத் தந்திருக்கிறான் அல்லாஹ். இந்த நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், இங்கிலாந்திலும் துருக்கியிலும் இருப்பவர்களைப்போல் நம் மஃரிபு மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதில்லை. வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஏழுக்கும் ஏழரைக்கும் இடையேதான். (1982 ஜனவரி முதல் தேதியன்று கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து இப்படி. அதற்கு முன் வாழ்ந்த பெரியவர்கள் மஃரிபை ஏழுக்கு முன்னே தொழுததை இன்னும் நினைவு கூர்வார்கள்.) அஸர் நாலேகாலுக்கும் ஐந்துக்கும் இடையே வந்துவிடுகிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வெயில் தணிந்து, படித்துச் சோர்ந்த கண்ணுக்குப் பச்சைப் புல் தேவைப்படும் நேரம் அது. சமயப் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் அதில் ஒரு மணி நேரம் மிஞ்சும். அஸர் தொழுதுவிட்டுத் திடலுக்குப் போகட்டும். மஃரிபு பாங்குக்கு முன் வீடு வந்து குளிக்கட்டும். மஃரிபுக்குப் பின் ஓதலும் பாடமும். இஷா தொழுதபின் சாப்பாடு, உறக்கம். பிற்பகல் வகுப்புக்குப் போகும் பிள்ளையானால் சுபுஹுக்குப் பின் வரும் நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த ஒழுங்கில் இன்னொரு நன்மை மறைந்திருக்கிறது. பந்து விளையாடும் பையனைத் திடலிலிருந்து பிரித்து வருவது பெற்றோருக்கு எப்போதும் சண்டை. “போதும், வா” என்று அத்தா கூப்பிட்டால் அது அத்தாவின் கட்டளை, பையன் முணுமுணுப்பான். பாங்கு சத்தம் கேட்டு வரப் பழகியவனுக்கு அது அல்லாஹ்வின் அழைப்பு. விளையாட்டுக்கும் ஓர் எல்லை உண்டென்பதை அவன் ஒருவரும் கண்டிக்காமலே கற்றுக்கொள்கிறான். வெள்ளிக்கிழமையன்று போட்டி வைத்தால் ஜும்ஆவைப் பற்றி ஆசிரியரிடம் முன்னதாகவே மரியாதையாகப் பேசிவிட வேண்டும். பேசினால் வழி பிறக்கும். கால்சட்டை முழங்காலை மறைக்கவில்லையே என்ற தயக்கம் சிலருக்கு இருக்கிறது. நீளமான காற்சட்டை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. நம் ஜவுளிக் கடைகளிலேயே விற்கிறோம்!

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நம்மவர் வாய் திறப்பதில்லை. நாம் திறக்கிறோம். உம்முல் முஃமினீன் ஆயிஷா (ரலி) அவர்கள், ஒரு பிரயாணத்தில் தாம் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி முந்தியதையும், பின்னொரு காலத்தில் தமக்கு உடல் சதை போட்டிருந்தபோது நபியவர்கள் முந்தி, அதற்கு இது ஈடு என்று வேடிக்கையாகச் சொன்னதையும் அறிவித்திருக்கிறார்கள். உலகத்துப் பொறுப்பெல்லாம் தலைமேல் சுமந்த ரஸூலுல்லாஹ் அவர்களுக்கு மனைவியோடு ஓட நேரம் இருந்தது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பூப்பெய்திய நாளிலிருந்து ஓடுவதை நிறுத்திவிடுகிறார்கள். முப்பது வயதில் சர்க்கரை வியாதி. தலையை மறைத்து விளையாடுவதற்கு இருந்த தடையைக் கால்பந்தில் 2014இலும், கூடைப்பந்தில் 2017இலும் உலகச் சங்கங்களே நீக்கிவிட்டன. நம் நாட்டுப் பள்ளிகளில் முழுக்கைச் சட்டையும் முக்காடுமாகப் பெண்பிள்ளைகள் ஓடுவது சர்வசாதாரணம். உலகம் நீக்கிய தடையை வீட்டுக்குள் நாம் ஏன் வைத்திருக்கிறோம்?

சர்க்கரை வியாதி என்றதும் நினைவு வருகிறது. 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய உடல்நல ஆய்வில், நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. இந்தியரிடையே மட்டும் எடுத்தால் நூற்றுக்கு முப்பதைத் தாண்டியது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணி வரை ஒரே ஸ்டூலில் அமர்ந்து, இனிப்பு மிகுந்த தே தாரேயும் வறுத்த பண்டமுமாகப் பொழுது போக்கும் நம் தொழிலுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். பிள்ளை அத்தாவின் சொல்லைவிட அத்தாவின் உடம்பைத்தான் அதிகம் படிக்கிறான்.

இனிச் சொல்ல இருப்பது சிலருக்குக் கசக்கலாம். ஆண்டுதோறும் பள்ளிகளில் விளையாட்டு விழா வரும்போது, நம் வியாபாரிகளிடம் நன்கொடை கேட்டு வருகிறார்கள். மனமுவந்து கொடுக்கிறோம். கோப்பை, கேடயம், கடைப் பெயர் அச்சடித்த பனியன், தண்ணீர் போத்தல், நூறு பொட்டலம் நாசி லெமாக். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் அந்தக் கோப்பையை வாங்கிய பையனை மறுநாள் நாம் கேட்பதில்லை. அவன் பெரும்பாலும் யார்? தோட்டத்து வழிவந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. இந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் தோட்டத்துக்கொரு பந்துத் திடல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் நடக்கும். நம் முன்னோர் அங்கே கச்சானும் சர்பத்தும் விற்றிருக்கிறார்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது திடலும் போயிற்று. தோட்டத்துப் பிள்ளைகள் மலிவு விலை மாடி வீடுகளுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காலில் வேகம் இருக்கிறது. வீட்டில் படிக்க ஒரு மேசை இல்லை.

அந்தப் பையன் மாவட்டத்துக்கு ஓடுகிறான், மாநிலத்துக்கு ஓடுகிறான். பள்ளியின் பெயர் விளங்குகிறது. பயிற்சிக்காக வகுப்பை விட்டுப் போகும் நாட்களுக்கு யாரும் திரும்பப் பாடம் நடத்துவதில்லை. மேலே போகப் போகப் படிக்கட்டு குறுகிக்கொண்டே வருகிறது. ஒரு பந்தயத்தில் முதலாவதாக வருபவன் ஒருவன்தான். பதினெட்டு வயதில் முழங்கால் பிசகினால் அவன் கையில் கோப்பையும் இல்லை, எஸ்.பி.எம். சான்றிதழும் இல்லை. புக்கிட் ஜாலிலில் 1996இல் அரசாங்கம் விளையாட்டுக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கியபோதுகூட, அங்கே பாட வகுப்பை எடுத்துவிடவில்லை. அந்தப் பிள்ளைகளும் எஸ்.பி.எம். எழுதியாக வேண்டும். நாட்டின் மிகச் சிறந்த ஓட்டக்காரப் பிள்ளைக்கே ஏடு வேண்டும் என்றால், செரண்டாப் பையனுக்கு வேண்டாமா? நூறு பனியன் அடிக்கும் செலவில் பாதியை எடுத்து, விளையாட்டில் முன் நிற்கும் நாலு பிள்ளைகளுக்கு, அவர்கள் எந்தச் சமயத்தவராயினும் சரி, கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் வைத்துக் கொடுத்தால் கடைப் பெயர் எங்கும் அச்சாகாது. அதனால்தான் அது உயர்ந்த தர்மம்.

தோற்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்ற பெண் ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதை ஒன்றும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு மனம் பொறுக்கவில்லை. உலகில் எது உயர்ந்தாலும் அதை ஒரு நாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் வழக்கம் என்ற கருத்தை நபியவர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஒரு கிராமத்தவர் தம் ஒட்டகத்தை முந்தியதில் அவர்களுக்குக் கோபமோ வெட்கமோ இல்லை. நம் பெற்றோர்களில் சிலர் திடல் ஓரத்தில் நின்று நடுவரைத் திட்டுவதையும், இரண்டாவதாக வந்த பிள்ளையை எல்லார் முன்னிலும் கடிந்துகொள்வதையும் பார்க்கும்போது இந்த ஹதீது நினைவுக்கு வருகிறது. பரீட்சை முடிவு வரும் நாளிலும் இதே காட்சிதான். இடம் மட்டும் வேறு. தோற்றபின் கை கொடுத்துவிட்டு மறுநாள் மறுபடியும் போய் நிற்பதைத் திடலில் பழகிய பிள்ளை, பிற்காலத்தில் ஒரு கொள்முதலில் நட்டம் வந்தாலும் கடையைப் பூட்டிக்கொண்டு படுத்துவிட மாட்டான். வியாபாரிக்கு இந்தப் பாடத்தை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது.

கடைசியாக நடைமுறைக்கு வருவோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் திடலுக்கு என்று சொல்வது எளிது. ஆனால் அதுவே நம் கடைகளில் கூட்டம் வரும் நேரம். தொழிற்சாலை விட்டு ஆட்கள் வருவார்கள், இரயிலில் கோலாலம்பூரிலிருந்து திரும்புபவர்கள் வருவார்கள், இரவுச் சந்தைக்குச் சாமான் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில்தான் “கொஞ்சம் கல்லாவைப் பார், தம்பி” என்று பையனை அழைக்கிறோம். மகன் கடையைப் பழக வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. பள்ளி விடுமுறையில் பழகட்டும். சனி, ஞாயிறு காலையில் பழகட்டும். வார நாட்களில் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலாக ஓர் ஆள் வைக்க எத்தனை வெள்ளி ஆகும், அது முடியாதென்றால் அண்ணன் தம்பிகளில் எவர் எந்த நாள் கல்லாவில் அமர்வது என்பதை இன்றிரவு கடை சாத்திக் கணக்குப் பார்க்கும்போது சேர்த்தே பார்த்துவிடுங்கள்.